தொடக்கப்பள்ளி அறிவியல் தரநிலைகளும் இணைய வளங்களும்: பொருத்தம் பார்ப்பது எப்படி?

அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புக்குக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் தாவர வளர்ச்சி பற்றிய பாடத்துக்காக இணையத்தில் தேடினால், காணொளிகள், பயிற்சித்தாள்கள், வினாடி வினாக்கள், சிமுலேஷன்கள் (ஒரு நிகழ்வைத் திரையில் இயக்கிப் பார்க்கும் மாதிரிகள்) எனத் தேவைக்கு மேலேயே கிடைக்கும். எந்த வகுப்பின் எந்தத் தரநிலைக்கு, அதாவது குழந்தை என்ன செய்து காட்ட வேண்டும் என்று வகுத்த எந்த எதிர்பார்ப்புக்கு, உரியது என்ற குறியீட்டு எண் பலவற்றின் தலைப்பிலேயே இருக்கும். ஒளிச்சேர்க்கையை வண்ணப் படங்களோடு விளக்கும் காணொளி ஒன்றை வகுப்பில் ஓடவிட்டு, அதனுடன் வரும் வினாக்களுக்கு விடை எழுதச் சொன்னால், தரநிலை முடிந்ததாகப் பதிவேட்டில் குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தரநிலையின் வாசகத்தை எடுத்துப் படித்தால், ஒளிச்சேர்க்கையை விளக்கும்படி அது எங்கும் கேட்கவில்லை என்பது தெரியும். தாவரம் தன் வளர்ச்சிக்குத் தேவையான பொருளைப் பெரும்பாலும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் பெறுகிறது என்ற வாதத்தைக் குழந்தை சான்றுகளைக் கொண்டு தாங்கிப் பேச வேண்டும் என்பதே அதன் கோரிக்கை.

காணொளியும் தரநிலையும் ஒரே தலைப்பைச் சேர்ந்தவை. இருப்பினும், காணொளி பார்த்த குழந்தை எந்த வாதத்தையும் முன்வைக்கவில்லை; எந்தச் சான்றையும் எடைபோடவில்லை. தொடக்கப்பள்ளி அறிவியலை இணைய வளங்களைக் கொண்டு கற்பிப்பதில் உள்ள முதன்மையான சிக்கல் இதுதான். தலைப்பு பொருந்துகிறதா என்று பார்ப்பது எளிது. தேடுபொறியே அதைச் செய்துவிடும். குழந்தை செய்ய வேண்டிய வேலையோடு அந்த வளம் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்குத் தரநிலைகள் எப்படி எழுதப்பட்டுள்ளன என்ற அறிவு தேவைப்படுகிறது.

அமெரிக்காவில் பாடத்திட்டம் மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நாடு முழுவதற்குமான பாடத்திட்டத்தை ஒன்றிய அரசு விதிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. எனவே பொதுவான அறிவியல் தரநிலைகளை உருவாக்கும் முயற்சிகள் அறிவியல் அமைப்புகளிடமிருந்தும் மாநிலங்களின் கூட்டு முயற்சியாகவும் வந்தன. 1993இல் அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகமும் 1996இல் தேசிய ஆராய்ச்சிக் குழுமமும் வெளியிட்ட ஆவணங்களை அடிப்படையாகக் கொண்டே மாநிலங்கள் நெடுங்காலம் தங்கள் தரநிலைகளை அமைத்துவந்தன. இயற்பியலாளர் ஹெலன் குவின் தலைமையிலான குழு ஒன்று பள்ளி அறிவியலுக்கான புதிய சட்டகத்தை 2011இல் தேசிய ஆராய்ச்சிக் குழுமத்துக்காக உருவாக்கியது. அதன்மீது 26 மாநிலங்கள் முன்னின்று எழுதியவையே 2013 ஏப்ரலில் வெளியான அடுத்த தலைமுறை அறிவியல் தரநிலைகள். இவற்றை ஆங்கில முதலெழுத்துகளால் என்.ஜி.எஸ்.எஸ். என்று அழைக்கிறார்கள். கலிபோர்னியா உட்படச் சுமார் 20 மாநிலங்கள் இவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டன. இன்னும் பல மாநிலங்கள் அதே சட்டகத்தைத் தழுவித் தமக்கெனத் தரநிலைகளை எழுதிக்கொண்டன. எல்லா மாநிலங்களும் இதில் இணைந்துவிடவில்லை. புளோரிடா தன் சொந்தத் தரநிலைகளின்படியே நடக்கிறது.

இந்தத் தரநிலைகள் கொண்டுவந்த பெரிய மாற்றம், அறிவியலின் மூன்று பரிமாணங்களை ஒரே வாக்கியத்தில் பின்னியதாகும். கேள்வி எழுப்புதல், சோதனையைத் திட்டமிடுதல், மாதிரியை உருவாக்குதல், தரவைப் பகுத்தாய்தல், சான்றிலிருந்து வாதிடுதல் போன்ற எட்டுச் செயல்முறைகள் முதல் பரிமாணம். இயற்பொருள் அறிவியல், உயிரியல், புவி மற்றும் விண்வெளி அறிவியல், பொறியியல் ஆகிய நான்கு துறைகளின் மையக் கருத்துகள் இரண்டாவது. ஒழுங்கமைவு, காரண காரியத் தொடர்பு, அளவு, அமைப்பும் அதன் பகுதிகளும் என எல்லாத் துறைகளின் ஊடாகவும் ஓடும் ஏழு கருத்துகள் மூன்றாவது. பழைய தரநிலைகள் குழந்தை எதை அறிந்திருக்க வேண்டும் என்பதை ஒரு பட்டியலிலும், எப்படி ஆராய வேண்டும் என்பதை இன்னொரு பட்டியலிலும் வைத்தன. முதல் பட்டியலைக் கற்பித்துவிட்டு இரண்டாவதை ஆண்டின் முதல் வாரத்தில் ‘அறிவியல் முறை’ என்ற ஒரு பாடமாக முடித்துவிடுவதற்கு அது வழிவிட்டது. புதிய தரநிலைகளில் ஒவ்வொரு வாக்கியமும் குழந்தை ஒரு கருத்தைக் கொண்டு எதைச் செய்து காட்ட வேண்டும் என்று சொல்கிறது. மழலை வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை இவை வகுப்புவாரியாகவே தரப்பட்டுள்ளன. அதற்கு மேலுள்ள நிலைகளில்தான் பல வகுப்புகளுக்குச் சேர்த்து வகுக்கப்பட்டுள்ளன.

பல ஆசிரியர்கள் கவனிக்காமல் கடந்துவிடும் இரண்டு சிறு பகுதிகள் பல தரநிலைகளுக்குக் கீழே உள்ளன. ஒன்று, எந்த மாதிரியான எடுத்துக்காட்டுகள் பொருந்தும் என்று கூறும் தெளிவுரை. மற்றொன்று, இந்த வகுப்பில் எதைக் கேட்கக் கூடாது என்று கூறும் மதிப்பீட்டு எல்லை. இணைய வளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, தரநிலையின் குறியீட்டு எண்ணைவிட இந்த இரண்டும் பல மடங்கு பயன் தருபவை என்பது என் உறுதியான கருத்து.

ஆசிரியர்கள் இணையத்தை ஏன் இவ்வளவு சார்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள்மீது வீண்பழி சுமத்துவதாகிவிடும். 2002 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த ‘எந்தக் குழந்தையும் பின்தங்கிவிடக் கூடாது’ என்ற சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஒவ்வோர் ஆண்டும் வாசிப்பிலும் கணிதத்திலும் தேர்வு நடத்துவதைக் கட்டாயமாக்கியது. அறிவியல் தேர்வு மூன்று முதல் ஐந்து வரையிலான வகுப்புகளில் ஏதேனும் ஒன்றில் ஒருமுறை நடந்தால் போதும் என்று அது விட்டது. தேர்வு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பள்ளி நேரமும் போய்ச் சேரும். 2018இல் நடத்தப்பட்ட அறிவியல், கணிதக் கல்விக்கான தேசிய அளவாய்வின்படி, மழலை வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு வாசிப்புக்கும் மொழிக்கும் சராசரியாக 89 நிமிடமும் அறிவியலுக்கு 18 நிமிடமும் கிடைத்தன. நான்கு முதல் ஆறு வரையிலான வகுப்புகளிலும் அறிவியலுக்குக் கிடைத்தது 27 நிமிடம்தான். பெரும்பாலான பள்ளிகளில் ஒரே ஆசிரியர்தான் எல்லாப் பாடங்களையும் நடத்துகிறார். விதை முளைப்பதிலிருந்து விண்மீன்களின் ஒளி வரை அவரே கற்பிக்க வேண்டும். 18 நிமிடத்தில் ஊசிக்குழலையும் உப்புநீரையும் எடுத்துவைத்துச் சோதனை நடத்தித் துடைத்து வைப்பதைவிட ஒரு காணொளியைப் போடுவது எளிது என்று அவருக்குத் தோன்றினால், அதில் வியப்பில்லை.

இனி, மேலே சொன்ன ஐந்தாம் வகுப்புத் தாவரத் தரநிலைக்கே திரும்புவோம். தாவரத்தின் பொருள் மண்ணிலிருந்து வருவதில்லை, பெரும்பாலும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வருகிறது என்பதையே வலியுறுத்த வேண்டும் என்று அதன் தெளிவுரை குறிப்பிடுகிறது. இது சாதாரணக் கருத்தன்று. மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்ற எண்ணம் குழந்தைகளிடம் மட்டுமல்லாமல், ஒளிச்சேர்க்கைச் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதத் தெரிந்த பெரியவர்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சமன்பாட்டில் உள்ள கார்பன் டைஆக்சைடுதான் அந்தக் கனத்த மரக்கட்டையாக மாறியிருக்கிறது என்பதை அவர்கள் ஒருபோதும் இணைத்துப் பார்த்ததில்லை. ஐந்தாம் வகுப்பிலேயே இந்தக் கேள்வியை எழுப்பச் சொல்வதன் நோக்கம் அதுதான்.

பெல்ஜியம் பகுதியைச் சேர்ந்த யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மான்ட் செய்த சோதனை இதற்கு மிக அருமையான தரவு. உலர்த்தி எடைபார்த்த சுமார் 90 கிலோ மண்ணில், இரண்டேகால் கிலோ எடையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை அவர் நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் ஏறக்குறைய 77 கிலோவாக வளர்ந்திருந்தது. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது சுமார் 57 கிராம்தான் குறைந்திருந்தது. அவர் மறைந்த பிறகு, 1648இல் இது அச்சில் வெளிவந்தது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவானது என்று அவர் முடிவு கட்டினார். அந்த முடிவு பாதிதான் சரி என்பதால்தான் இந்தச் சோதனை ஐந்தாம் வகுப்புக்குப் பொருந்துகிறது. மண் காரணமில்லை என்று குழந்தைகள் இந்த எண்களைக் கொண்டு தாங்களே நிறுவ முடியும். அதன் பிறகு, நீர் மட்டும்தானா, வேறு எதுவும் செடிக்குள் போகிறதா என்ற அடுத்த கேள்வியை அவர்களே எழுப்ப முடியும்.

இங்கே இணையம் என்ன தர முடியும்? மண்ணே இல்லாமல் நீரில் வளர்க்கப்படும் கீரையை நாள்தோறும் படம்பிடித்து, சில வாரங்களின் வளர்ச்சியை ஒரு நிமிடத்துக்குள் சுருக்கிக் காட்டும் காணொளியைத் தர முடியும். அது வகுப்பறையில் காத்திருந்து பார்க்க முடியாத ஒன்று. ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு அந்தக் காணொளியைக் காட்டி, வான் ஹெல்மான்டின் எண்களைப் பலகையில் எழுதி, மரத்தின் எடை எங்கிருந்து வந்தது என்று குழந்தைகளை எழுதச் சொன்னால், தரநிலை கேட்கும் வேலை நடக்கிறது. அதே செய்தியை விளக்கவுரையோடு தொடங்கும் காணொளி, குழந்தை செய்ய வேண்டிய வாதத்தைத் தானே செய்துமுடித்துவிடுகிறது. குழந்தைக்கு எஞ்சுவது மனப்பாடம் மட்டுமே.

இணையம் இல்லாவிட்டால் செய்வது கடினமான தரநிலைகளும் இருக்கின்றன. நான்காம் வகுப்பில், வரைபடங்களில் உள்ள தரவைப் பகுத்தாய்ந்து புவியின் தோற்றங்களில் காணப்படும் ஒழுங்கமைவை விவரிக்க வேண்டும் என்ற ஒன்று உள்ளது. மலைத்தொடர்கள், கடலடிப் பள்ளங்கள், எரிமலைகள், நிலநடுக்கங்கள் ஆகியவை உலகில் சிதறிக் கிடக்கவில்லை, பட்டை பட்டையாக அமைந்துள்ளன என்பதைக் குழந்தை கண்டறிய வேண்டும். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத்துறை நடத்தும் இணைய வரைபடம், உலகெங்கும் நிகழும் நிலநடுக்கங்களைப் பதிவான சிறிது நேரத்திலேயே புள்ளிகளாகக் காட்டுகிறது. கடந்த ஒரு நாள், ஏழு நாள், முப்பது நாள் எனத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ரிக்டர் அளவுபோல் நாம் செய்திகளில் கேட்கும் எண் 2.5க்கு மேல், 4.5க்கு மேல் என வடிகட்டவும் செய்யலாம். ஒரு நாள் புள்ளிகளைப் பார்க்கும் குழந்தைக்கு எந்த ஒழுங்கும் தெரியாது. முப்பது நாள் புள்ளிகளைக் கண்டதும் பசிபிக் பெருங்கடலைச் சுற்றி ஒரு வளையம் தெளிவாகத் தெரியத் தொடங்கும். தரவு கூடும்போதுதான் ஒழுங்கமைவு தெரிகிறது என்ற அறிவையும் குழந்தை கூடவே பெறுகிறது. புவித்தட்டுகள் நகர்வதே இதற்குக் காரணம் என்பது நடுநிலைப்பள்ளிக்கு உரிய பாடம். நான்காம் வகுப்பில் அந்த விளக்கத்தைத் திணிக்கும் பயிற்சித்தாள்கள் இணையத்தில் நிறைய உண்டு. அவை ஆசிரியரின் 27 நிமிடத்தை வீணாக்குகின்றன. ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்ற வியப்போடு ஒரு குழந்தை நடுநிலைப்பள்ளிக்குப் போவது, விடையை முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டு போவதைவிடப் பெரும்பேறு.

மதிப்பீட்டு எல்லையை மீறும் சிக்கல் மிகக் கடுமையாக வெளிப்படுவது, பொருள்கள் அனைத்தும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களால் ஆனவை என்பதை விவரிக்கும் மாதிரியை உருவாக்கக் கோரும் ஐந்தாம் வகுப்புத் தரநிலையில்தான். ஊசிக்குழலில் காற்றை அடைத்து அழுத்துதல், கூடைப்பந்தில் காற்றேற்றுதல், சர்க்கரையை நீரில் கரைத்தல், உப்புநீரை ஆவியாக்குதல் ஆகியவற்றைத் தெளிவுரை எடுத்துக்காட்டுகளாகத் தருகிறது. ஆவியாதலும் குளிர்ந்து நீராதலும் அணு அளவில் எப்படி நிகழ்கின்றன என்பதையோ, அந்தத் துகள்களின் வரையறையையோ கேட்கக் கூடாது என்கிறது மதிப்பீட்டு எல்லை. ஆனால் இந்தத் தரநிலைக்கென இணையத்தில் கிடைக்கும் பல அசைபடங்கள் அணு, மூலக்கூறு, எலக்ட்ரான் என்று சென்றுவிடுகின்றன.

கொலராடோ பல்கலைக்கழகம் நடத்தும் ஃபெட் என்ற சிமுலேஷன் தொகுப்பு, நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. கட்டணமின்றிக் கிடைக்கும் இது உலகின் மிகச் சிறந்த அறிவியல் கல்வி வளங்களுள் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம். அதில் பொருள்களின் நிலைகளைக் காட்டும் சிமுலேஷன், நியான், ஆர்கான், ஆக்சிஜன், நீர் ஆகியவற்றின் துகள்கள் வெப்பத்தால் எப்படி அசைகின்றன என்று காட்டுகிறது. அது அழகானது, ஆனால் நடுநிலைப்பள்ளிக்கு உரியது. ஐந்தாம் வகுப்புக் குழந்தை முதலில் தன் விரலால் ஊசிக்குழலின் முனையை அடைத்துக்கொண்டு காற்றை அழுத்திப் பார்க்க வேண்டும். உள்ளே ஏதோ இருக்கிறது, அது நெருங்கி வருகிறது, ஆனால் ஓர் அளவுக்கு மேல் நெருங்க மறுக்கிறது என்பதை விரல் உணர வேண்டும். பின் அந்த ஊசிக்குழலுக்குள் என்ன நடக்கிறது என்று தாளில் வரைய வேண்டும். அந்தப் படம்தான் தரநிலை கேட்கும் மாதிரி. திரையில் உருளும் வண்ணப் பந்துகளை முதலில் பார்த்துவிட்ட குழந்தை அதைத்தான் நகல் எடுத்து வரையும். அது குழந்தையின் மாதிரி ஆகாது. இதே சிமுலேஷனை, எல்லோரும் தம் படங்களை வரைந்து, ஒருவர் படத்தை மற்றவர் கேள்வி கேட்டுத் திருத்திய பிறகு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில நிமிடம் காட்டினால் பயன் உண்டு.

மழலை வகுப்பில் இன்னும் எச்சரிக்கை தேவை. வெவ்வேறு வலிமையில் அல்லது வெவ்வேறு திசையில் தள்ளுவதும் இழுப்பதும் பொருளின் இயக்கத்தை எப்படி மாற்றுகின்றன என்று ஒப்பிடுவதற்கான சோதனையைக் குழந்தைகள் திட்டமிட்டு நடத்த வேண்டும் என்பது அங்குள்ள ஒரு தரநிலை. வலிமை, திசை இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றும் கேள்வி கூடாது என்பது அதன் எல்லை. இதற்குத் தேவையானது ஒரு பந்தும் தரையும்தான். திரையில் விரலால் இழுத்தால் உருளும் பந்தில் எடையும் இல்லை, உராய்வும் இல்லை. எவ்வளவு பலமாகத் தள்ளினோம் என்று கை அறிவதற்கும் வழியில்லை. ஐந்து வயதுக் குழந்தையின் அனுபவக் கிடங்கு இன்னும் நிரம்பாத நிலையில், அந்த அனுபவத்துக்குப் பதிலாகத் திரையை வைப்பதை எந்த வாதத்தாலும் நியாயப்படுத்த முடியாது.

ஒரே தரநிலைக்குள் திரைக்கு வெளியே செய்ய வேண்டியதும் திரையில் மட்டுமே செய்ய முடிவதும் சேர்ந்து வருவதுண்டு. நிழலின் நீளமும் திசையும் நாளுக்குள் மாறுவதையும், பகல் இரவையும், சில விண்மீன்கள் குறிப்பிட்ட மாதங்களில் மட்டும் தெரிவதையும் வரைபடமாக்கி ஒழுங்கமைவைக் காட்ட வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புத் தரநிலை ஒன்று கேட்கிறது. நிழலைப் பள்ளி முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கு ஒருமுறை சுண்ணக்கட்டியால் குறித்து அளந்துவிடலாம். அதை இணையத்தில் செய்யத் தேவையில்லை. விண்மீன்களின் நிலை வேறு. குழந்தைகள் பள்ளியில் இருக்கும்போது விண்மீன்கள் தெரிவதில்லை. ஓரியன் விண்மீன் குழு வருவதையும் போவதையும் பார்க்க ஆண்டு முழுவதும் காத்திருக்கவும் முடியாது. ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருளில் இடத்தையும் நேரத்தையும் அமைத்து, ஒவ்வொரு மாதத்தின் முதல் நாளும் இரவு ஒன்பது மணிக்கு ஓரியன் தெரிகிறதா என்று பார்த்துக் குழந்தைகளே அட்டவணை எழுதலாம். அங்கே மென்பொருள், வானத்தைக் கண்முன் நிறுத்தும் கருவியாக இருக்கிறது. ஒழுங்கமைவைக் கண்டறியும் வேலை குழந்தையிடமே இருக்கிறது. பருவகாலங்கள் ஏன் வருகின்றன என்ற காரணத்தை இந்த வகுப்பில் கேட்கக் கூடாது என்று இதன் எல்லையும் கூறுகிறது.

ஒரு வளம் நல்லதா கெட்டதா என்று பார்ப்பதோடு அது பாடத்தின் எந்த இடத்தில் வருகிறது என்றும் பார்க்க வேண்டும் என்பது இவற்றிலிருந்து தெரிகிறது. அறிவியல் பாடத்திட்டங்களை உருவாக்கும் பி.எஸ்.சி.எஸ். என்ற அமெரிக்க அமைப்பு 1980களில் வகுத்த பாடமுறை, ஆர்வமூட்டுதல், ஆராய்தல், விளக்குதல், விரித்துப் பார்த்தல், மதிப்பிடுதல் என்ற ஐந்து கட்டங்களைக் கொண்டது. ஆராய்ந்த பிறகே விளக்கம் வர வேண்டும் என்பதுதான் அதன் உயிர்நாடி. இணையத்தில் உள்ள காணொளிகளில் பெரும்பான்மை விளக்கக் காணொளிகள்; ஆனால் வகுப்பறையில் அவை ஆர்வமூட்டுவதற்காக முதல் கட்டத்திலேயே காட்டப்படுகின்றன. மூன்றாவது இடத்தில் வைத்தால் அதே காணொளி பாடத்துக்கு வலுச்சேர்க்கும்.

அந்தக் காணொளிகளால் மிகுதியாகப் பயன்பெறக்கூடியவர் ஆசிரியரே என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அறிவியலில் சிறப்புப் பயிற்சி இல்லாத ஆசிரியர், மரத்தின் எடை காற்றிலிருந்து வருகிறது என்பதை முந்தைய நாள் மாலை ஒரு நல்ல காணொளியில் பார்த்துத் தெளிந்துகொண்டு, மறுநாள் அதைக் குழந்தைகளிடம் சொல்லாமல் அவர்களைக் கேள்விகளால் வழிநடத்தினால், இணையம் மிகச் சிறந்த பணியைச் செய்திருக்கிறது. ஆசிரியருக்கான பின்னணி விளக்கம் தனியாகவும் குழந்தைக்கான வேலை தனியாகவும் பிரிந்திருக்கும் வளங்களை நான் முதலில் தேடுவேன்.

தொடக்கப்பள்ளிக்கென்றே உருவாக்கப்பட்டவற்றுள் மிஸ்டரி சயின்ஸ் என்ற இணையப் பாடத்தொகுப்பு பரவலாகப் பயன்படுகிறது. 2020இல் அதை டிஸ்கவரி எஜுகேஷன் நிறுவனம் வாங்கியது. ஒரு கேள்வியில் தொடங்கி, சிறு சிறு காணொளித் துண்டுகளுக்கு இடையே நிறுத்தி, குழந்தைகளைப் பேசவைத்து, பின் எளிய பொருள்களைக் கொண்டு ஒரு செயல்பாட்டைச் செய்யவைப்பது அதன் அமைப்பு. அறிவியலில் தயக்கம் உள்ள ஆசிரியருக்கு அது உறுதியான கைத்தாங்கல். எனினும், காணொளிக்குள் இருக்கும் குரலே கேள்வியையும் விடையையும் வைத்திருப்பதால், குழந்தைகள் எதிர்பாராத திசையில் கேட்கும் கேள்விகளுக்கு ஆசிரியர்தான் இடம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. ஓப்பன்சைஎட் என்ற அமைப்பின் திறந்த பாடத்தொகுதிகள் இன்னும் ஆழமானவை. நடுநிலைப்பள்ளிக்கு முதலில் வந்து பின்னர் தொடக்கப்பள்ளிக்கும் விரிந்தன. ஒரே நிகழ்வைப் பல வாரங்கள் தொடர்ந்து ஆராயும் அவற்றின் முறை, 18 நிமிட நேர அட்டவணைக்குள் அடங்குவது கடினம். குற்றம் அட்டவணையினுடையது என்றே கருதுகிறேன்.

குறியீட்டு எண்ணை யார் வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம்.  தரநிலைகளை உருவாக்கியோர் பாடங்களை மதிப்பிடுவதற்காக ஈகுவிப் என்ற அளவுகோலையும் வெளியிட்டார்கள். மூன்று பரிமாணங்களும் ஒன்றாக வருகின்றனவா, ஒரு நிகழ்வையோ சிக்கலையோ விளங்கிக்கொள்வதை நோக்கிக் குழந்தைகள் நகர்கிறார்களா என்று அது கேட்கிறது. ஒற்றைக் காணொளியோ ஒற்றைப் பயிற்சித்தாளோ அந்த அளவுகோலில் தேறுவது அரிது. அவை பாடத்துக்கான மூலப்பொருள்கள், பாடங்கள் ஆகா. இணைய வளங்கள் நிலையானவையும் அல்ல. 2020 இறுதியில் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு நின்றபோது, அதில் உருவாக்கப்பட்டிருந்த ஏராளமான குழந்தைகள் அறிவியல் விளையாட்டுகள் ஒரே நேரத்தில் பயனற்றுப்போயின. ஃபெட் தன் பழைய சிமுலேஷன்களை வேறு தொழில்நுட்பத்துக்குப் படிப்படியாக மாற்றிக்கொண்டதால் நிலைத்தது. ஓர் ஆண்டுப் பாடத்தை முழுவதும் இணைப்புகளின்மீது கட்டுவது எவ்வளவு ஆபத்தானது என்பது அப்போது பல பள்ளிகளுக்குப் புரிந்தது.

இந்த வளங்கள் தமிழ்நாட்டு வகுப்பறைகளுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. ஃபெட் சிமுலேஷன்களில் சில தமிழிலும் கிடைக்கின்றன. நம் பாடநூல்களின் விரைவுத் தகவல் குறியீடுகள் (கியூ.ஆர்.) வழியே குழந்தைகளும் பெற்றோரும் காணொளிகளுக்குச் செல்வது பழக்கமாகிவிட்டது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2017இல் வெளியிட்ட கற்றல் விளைவுகளும், சூழ்நிலையியலில் குழந்தை உற்றுநோக்க வேண்டும், வகைப்படுத்த வேண்டும், பதிவுசெய்ய வேண்டும் என்றே பேசுகின்றன. ஆகவே, குழந்தை செய்ய வேண்டிய வேலையோடு வளத்தைப் பொருத்திப் பார்க்கும் அதே சோதனை இங்கும் செல்லும். ஆனால் இங்கே இன்னொரு சோதனையும் தேவைப்படுகிறது. அமெரிக்காவுக்காக எழுதப்பட்ட வளத்தில், அந்த நிலப்பகுதியின் வானிலையும் வானமும் சொல்லப்படாமலேயே கலந்திருக்கின்றன.

மூன்றாம் வகுப்பில், ஒரு பருவத்தில் எதிர்பார்க்கக்கூடிய வானிலையை அட்டவணையாகவும் பட்டை வரைபடமாகவும் காட்ட வேண்டும் என்ற தரநிலைக்குக் கிடைக்கும் ஆயத்தப் பயிற்சித்தாள்கள் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்ற நான்கு கட்டங்களோடு வருகின்றன. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கும் சென்னைக்கு அந்தக் கட்டங்கள் பொருந்தா. இந்திய வானிலை ஆய்வுத்துறையின் மாதவாரி மழையளவைக் குழந்தைகளிடம் கொடுத்து, எத்தனை பருவங்களாகப் பிரிக்கலாம் என்று அவர்களையே கேட்டால், அதே தரநிலை இந்த ஊருக்கு உரியதாகிவிடும்.

நிழல் பாடத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. அமெரிக்கப் பெருநிலம் முழுவதும் கடகரேகைக்கு வடக்கே இருப்பதால், அங்கே நண்பகலில் சூரியன் எப்போதும் தென்புறமாகவே இருக்கும். நிழல் ஆண்டு முழுவதும் வடக்கே விழும். அமெரிக்க மாநிலங்களுள் ஹவாய் மட்டுமே இதற்கு விலக்கு. எனவே அங்கிருந்து வரும் விடைத்தாள்களில் நண்பகல் நிழல் வடக்கு நோக்கியது என்பது பொது உண்மையைப்போல் அச்சாகியிருக்கும். சென்னை ஏறக்குறைய 13 பாகை வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல் 24ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18ஐ ஒட்டியும் அங்கே நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்டுவைத்த குச்சிக்கு அந்த நேரத்தில் நிழல் இருக்காது. இவ்விரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். கன்னியாகுமரியில் இந்தக் காலம் ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே தொடங்கிச் செப்டம்பர் தொடக்கம் வரை நீள்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்தவுடன் முற்றத்தில் குச்சி நட்டு அளக்கும் குழந்தைகளுக்கு, இறக்குமதியான விடைத்தாளுக்கு நேர்மாறான விடைதான் கிடைக்கும். ஸ்டெல்லேரியத்தில் இடத்தைச் சென்னை என்று ஒருமுறையும் நியூயார்க் என்று ஒருமுறையும் அமைத்து, அதே நாளின் நண்பகல் சூரியனை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை அப்போது அவர்களிடம் கொடுக்கலாம். முற்றத்தில் அளந்தது ஏன் விடைத்தாளோடு ஒத்துப்போகவில்லை என்பதற்கான தரவு அவர்கள் கையிலேயே இருக்கும்.